மன்னிப்புப் பெற்றவன் மன்னியாதது ஏன்?

தனக்கு விரோதமாய்க் குற்றஞ்செய்யும் சகோதரனை எத்தனை தரம் மன்னிப்பது, ஏழு தரம் போதுமா என்று பேதுரு ஆண்டவரிடம் வினவினார். நாமோ முதல் தரத்திலேயே தயங்கி நிற்கிறோம். பரமண்டல ஜெபத்தை ஒரே குரலாய்ச் சொல்லிவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் ஆலயத்தைவிட்டுச் செல்லும் குடும்பங்கள் நம் சபைகளில் இல்லையா? ஆகையால் மத்தேயு 18:21-35இல் உள்ள உவமையை நாம் ஆராய்வது தகும்.

ஆண்டவரின் மறுமொழி ஆதியாகமம் 4:24ஐ நினைப்பூட்டுகிறது. அங்கே லாமேக்கு, தனக்காக எழுபத்தேழு மடங்கு பழி வாங்கப்படும் என்று பெருமை பேசினான். பழைய ஏற்பாட்டின் பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்பு அவ்விடத்தில் வழங்கும் எண்ணுச் சொற்களையே மத்தேயுவும் இங்கு வழங்குகிறார். பழிக்கு எல்லை வையாத கணக்கை ஆண்டவர் மன்னிப்புக்கு எல்லை வையாத கணக்காக மாற்றிவிட்டார்.

உவமையில் வரும் தொகைகளும் கவனிக்கத்தக்கவை. தெனாரியம் என்னும் ரோம வெள்ளிப்பணம் கூலியாளுக்கு ஒருநாட்கூலி (மத்தேயு 20:2). ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியம். ஆகவே 10,000 தாலந்து என்பது 6 கோடி நாட்களின் கூலி. கலிலேயா, பெரேயா நாடுகளிலிருந்து ஏரோது அந்திப்பாவுக்கு ஆண்டுதோறும் கிடைத்த வருமானம் 200 தாலந்து என்று யூத சரித்திராசிரியர் யோசேபஸ் எழுதுகிறார். அவ்வாறாயின் இவ்வூழியக்காரனின் கடன் அத்தகைய 50 ஆண்டு வருமானத்துக்குச் சமம்! உடன் ஊழியக்காரன் பட்ட கடனோ 100 தெனாரியம். அதுவும் அற்பமன்று, ஏழைக்கு அது மூன்று மாதத்துக்கு மேற்பட்ட உழைப்பு. பிறர் நமக்குச் செய்த தீங்கை ஆண்டவர் ஒன்றுமில்லையென்று தள்ளிவிடவில்லை.

பின் அவன் ஏன் மன்னிக்கவில்லை? அவன் ராஜாவிடம் வேண்டிக்கொண்டதில் அதற்கு விடை இருக்கிறதென நாம் கருதுகிறோம். அவன் மன்னிப்புக் கேட்கவில்லை, தவணை கேட்டான். யாவற்றையும் தானே தீர்ப்பதாக வாக்களித்தான். ராஜா கொடுத்ததோ தவணையன்று, விடுதலை. அவனோ தவணை பெற்றவனைப் போலவே வெளியே வந்து, வரவேண்டியதை வசூலிக்கத் தொடங்கினான். தன் நற்செய்கைகளால் தேவனுக்குக் கடன் தீர்க்கலாமென்று எண்ணுகிறவன், பிறனிடத்திலும் கணக்கையே கேட்பான். ராஜாவின் மன்னிப்பு முந்தினது. நம்முடையது அதன் கனி. கனியில்லையெனில், மன்னிப்பை நாம் உண்மையாய் ஏற்றோமா என்பதே கேள்வி.

இவ்விடத்தில் போதகராகிய நமக்கு ஓர் எச்சரிப்பும் உண்டு. இதே அதிகாரத்தின் 15 முதல் 17 வரையுள்ள வசனங்கள், குற்றத்தைக் குற்றவாளிக்கு எடுத்துரைக்கக் கட்டளையிடுகின்றன. மன்னிப்பு என்பது தீமையை மூடி மறைப்பதன்று. துன்புறுத்தப்பட்டவரின் வாயை அடைக்க மன்னிப்பின் உபதேசத்தைக் கையாளுவது மேய்ப்புப் பணியாகாது. கடன் உண்டென்று சொன்ன பின்னரே அதை நீக்கிவிட முடியும்.

திருவிருந்துக்குச் செல்லுமுன், யாருடைய கடன்சீட்டை இன்னும் கையில் பிடித்திருக்கிறோம் என்று நம்மை நாமே சோதித்தறிவோம். வெறுங்கையாய் ஏந்துகிறவனுக்கே அங்கே அப்பம் கொடுக்கப்படுகிறது.