வண்டிகளின் வாழ்நாள்

பழைய ஜீப்பும் லாண்ட்ரோவரும் சாதாரணக் காரைவிட நெடுநாள் உழைக்கும் என்பது மக்களிடையே வேரூன்றிய கருத்து. தோட்டப்புறங்களில் வாழ்ந்தோர் இதனை இன்னும் உறுதியாகக் கொண்டிருப்பர். செம்மண் பாதையில் இருபது, முப்பது ஆண்டுகள் ஓடிய வண்டிகளைக் கண்ணாரக் கண்டவர்கள் அவர்கள். சிங்கப்பூரின் நிலை வேறு. சிராங்கூன் சாலையில் ஊர்ந்து செல்லும் கார்களில் பெரும்பாலானவை பத்தாண்டு வயதுக்கு உட்பட்டவை. அப்படியாயின் நகரத்துக் கார் வலுக் குறைந்ததா? தோட்டத்து வண்டி இயல்பிலேயே வலு மிகுந்ததா? ஒரு வண்டியின் வாழ்நாளை வரையறுப்பது எது? பழைய வண்டி ஒன்றை வாங்கலாமா, இருப்பதைப் புதுப்பிக்கலாமா என்று எண்ணும் குடும்பங்களுக்கு இவ்வினா பெரும்பணத்தைப் பற்றியது; ஆகவே ஆராயத் தக்கது.

அச்சும் சேமஅச்சும்

வண்டியின் உழைப்பைப் பற்றிய சிந்தனை தமிழர்க்குப் புதிதன்று. மயிலிறகேயாயினும் அளவு கடந்து ஏற்றினால் அச்சு முறியும் என்னும் உண்மையை வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் எடுத்துக்காட்டாக வைத்தார். புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் மற்றொன்றைக் காட்டுகிறார். உப்பு வணிகராகிய உமணர், பள்ளத்தில் இறங்கவும் மேட்டில் ஏறவும் நேரும் என்பதை முன்னரே எண்ணி, வண்டியின் அடியில் வேறோர் அச்சினைக் கட்டிச் செல்வர். அதற்குச் சேமஅச்சு என்று பெயர். அவ்வச்சினைப் பொகுட்டெழினிக்கு உவமையாக்கினார் புலவர்.

முன்னது சுமையின் அளவைக் கூறுகிறது. பின்னது மாற்றுறுப்பின் தேவையைக் கூறுகிறது. இக்காலத்து மோட்டார் வண்டியின் ஆயுளும் இவ்விரண்டையுமே பெரிதும் சார்ந்துள்ளது. மூன்றாவதாக ஒன்று இக்காலத்தில் சேர்ந்துள்ளது. அதுவே அரசாங்கத்தின் சட்டம்.

ஓராண்டில் பிறந்த இரு வண்டிகள்

1948ஆம் ஆண்டு இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற ஆண்டாகும். அவ்வாண்டு ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் மோட்டார்க் கண்காட்சியில் லாண்ட்ரோவர் வெளியிடப்பெற்றது. அதே ஆண்டு அக்டோபரில் இலண்டன் கண்காட்சியில் மோரிஸ் மைனர் என்னும் சிறு கார் வெளிவந்தது. இரண்டும் பிரித்தானிய வண்டிகள். இரண்டும் பல நாடுகளில் பரவியவை. ஆயினும் உடலமைப்பில் இரண்டும் வேறானவை.

லாண்ட்ரோவரின் அடியில் ஏணி போன்ற இரும்புச் சட்டகம் உண்டு. இதனைப் பட்டறைக்காரர்கள் சேசிஸ் என்பர். எஞ்சின், அச்சுகள், ஸ்பிரிங்குகள் யாவும் இச்சட்டகத்தில் பொருத்தப்பட்டுள்ளன. மேலுள்ள உடற்கூடு தனியானது. தகடு தகடாகத் திருகாணியால் பூட்டப்பட்டது. ஒரு தகடு நசுங்கினால் அதனை மட்டும் கழற்றி வேறொன்றைப் பூட்டலாம்.

மோரிஸ் மைனருக்கு அத்தகைய தனிச் சட்டகம் இல்லை. தரையும் பக்கங்களும் கூரையும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டு, கூடே சட்டகத்தின் வேலையையும் செய்கிறது. முட்டையோடு மெல்லியதாயினும் முழுமையாய் இருக்கும் வரையில் வலுவுடன் நிற்பது போன்றது இது. எடை குறையும்; எரிபொருள் மிச்சமாகும்; ஓட்டம் மென்மையாகும். ஆனால் கீழ்ப்பகுதி துருப்பிடித்து உள்ளே அரித்துவிட்டால் வண்டியின் வலுவே குன்றும். அதைச் சீராக்க வெட்டி எடுத்துப் பற்றவைக்க வேண்டும். இன்றைய கார்களில் மிகப் பெரும்பாலானவை இவ்வகையைச் சேர்ந்தவை.

துருவின் கணக்கு

லாண்ட்ரோவரின் உடற்கூடு அலுமினியக் கலவையால் ஆனது. நெடுநாள் உழைக்க வேண்டும் என்னும் எண்ணத்தால் மட்டும் அது தேர்ந்தெடுக்கப்படவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரித்தானியாவில் எஃகு பங்கீட்டு முறையில் கிடைத்தது. அலுமினியம் எளிதாகக் கிடைத்தது. தட்டுப்பாடு தந்த பயனாக அவ்வண்டிக்குத் துருப்பிடிக்காத மேனி வாய்த்தது.

ஆனால் மேனி பளபளப்பாக இருப்பதைக் கண்டு ஏமாறலாகாது. அடியிலுள்ள சட்டகம் இரும்பே. சேறு தேங்கும் மூலைகளில் அது உள்ளிருந்து அரிபடும். அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டிருக்குமிடத்தில் அலுமினியமும் பொடியாகி உதிரும். இக்காரணத்தால்தான் பழைய லாண்ட்ரோவரைப் பேணுவோர் சட்டகத்தையே மாற்றித் துத்தநாகம் பூசிய புதுச் சட்டகத்தைப் பூட்டுகின்றனர். அது செய்யக் கூடியதாக இருப்பதே இவ்வகை வண்டியின் சிறப்பு. முட்டையோடு போன்ற காருக்கு இத்தகைய மாற்று எளிதன்று.

தட்பவெப்பமும் கருதத் தக்கது. பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் நாடுகளில் வண்டி விரைவில் துருவேறும். சிங்கப்பூரில் அத்தொல்லை இல்லை. ஆயினும் ஆண்டு முழுதும் மழையும் ஈரக்காற்றும் உண்டு. வெயிலின் கடுமையால் ரப்பர்க் குழாய்களும் பிளாஸ்டிக் பகுதிகளும் வெடிக்கும்.

மலைகளில் வாழும் வண்டிகள்

மலேசியாவின் கேமரன் மலையில் காய்கறித் தோட்டக்காரர்கள் பழைய லாண்ட்ரோவர்களை நெடுங்காலமாக வேலைக்குப் பயன்படுத்தி வருகின்றனர். செங்குத்தான தோட்டப் பாதைகளில் முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றி இறங்குவது அவற்றின் தொழில். இந்தியாவில் டார்ஜிலிங்கை அடுத்த மானேபஞ்சாங்கிலிருந்து, ஏறத்தாழ 3,600 மீட்டர் உயரத்திலுள்ள சந்தக்ஃபூ முகட்டிற்கு, 1950களின் லாண்ட்ரோவர்கள் பயணிகளை ஏற்றிச் சென்று புகழ்பெற்றன.

இவ்வண்டிகள் சாகாமைக்குக் காரணம் யாது? அவற்றின் எஞ்சின் எளியது. தொடக்க கால லாண்ட்ரோவரின் 1.6 லிட்டர் எஞ்சின் ஏறத்தாழ 50 குதிரைத்திறனே உடையது, மெதுவாகச் சுழல்வது, சாதாரண ஸ்பானரால் பிரித்துப் பூட்டத் தக்கது. இருப்பினும் பெரிய காரணம் வேறு. ஒரே வகை வண்டி ஓரிடத்தில் மிகுதியாகச் சேரும்போது, அதற்குரிய உறுப்புகளும் அதனை அறிந்த கைகளும் அங்கே சேர்கின்றன. ஓடாத வண்டி ஓடும் வண்டிக்குச் சேமஅச்சு ஆகிறது. சந்தக்ஃபூ வண்டிகள் சிலவற்றில் பழைய எஞ்சின் போய் இந்திய டீசல் எஞ்சின் அமர்ந்துள்ளது. அச்சும் எஞ்சினும் தகடும் மாறிய பின் அது அதே வண்டிதானா என்று தருக்க நூலார் வினவலாம். வண்டிக்காரருக்கோ அவ்வினா எழுவதில்லை, வேலை நடக்கிறது.

இவ்வுண்மை சாதாரணக் காருக்கும் பொருந்தும். மோரிஸ் மைனர் தனிச் சட்டகம் இல்லாத கார். எனினும் இன்றும் பிரித்தானியாவில் அக்கார்கள் ஓடுகின்றன. உறுப்புகள் கிடைப்பதும், அதன்பால் அன்புடையோர் பலராய் இருப்பதுமே காரணம். இந்தியாவில் 2014 வரை செய்யப்பெற்ற அம்பாசடர் காரும் அவ்வாறே; மூலைமுடுக்கிலுள்ள பட்டறைக்காரரும் அதனைப் பழுதுபார்க்க வல்லவராக இருந்தார்.

ஆண்டா, கிலோமீட்டரா?

ஆயுளை எதனால் அளப்பது என்பதிலும் தெளிவு வேண்டும். தோட்டத்து ஜீப் ஒரு நாளில் ஓடும் தூரம் குறைவு. நகர வாடகைக் கார் ஒரே ஆண்டில் ஓடும் தூரத்தை அது பல ஆண்டுகளில் ஓடும். ஆண்டுக் கணக்கில் ஜீப் மூத்தது. கிலோமீட்டர்க் கணக்கில் வாடகைக் கார் முந்தும். மேலும், நான்கு சக்கரங்களையும் இயக்கும் வண்டியில் உறுப்புகள் மிகுதி. முன் அச்சுக்கும் பல்சக்கரப் பெட்டி வேண்டும். ஆற்றலைப் பிரித்தனுப்பத் தனிப் பெட்டி வேண்டும். சேற்றிலும் நீரிலும் இறங்கினால் சக்கரத் தாங்கிகள் விரைவில் தேயும். எண்ணெயில் நீர் கலக்கும். ஆகவே, ஒரு கிலோமீட்டருக்கு இவ்வளவு தேய்மானம் என்று கணக்கிட்டால், காட்டுப் பாதையில் ஓடும் வண்டி காரைவிட விரைவாகவே தேய்கிறது.

2022இல் ஐசீகார்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் நெடுந்தூரம் ஓடிய வண்டிகளை ஆராய்ந்து பட்டியலிட்டது. டொயோட்டா செக்கோயாவும் லாண்ட்குரூசரும் முதலிரண்டு இடங்களைப் பெற்றன. இரண்டும் சட்டக வண்டிகள்; இரண்டின் அளவும் 4,50,000 கிலோமீட்டரை எட்டியது. எனினும் தனிச் சட்டகமில்லாத பிரியஸ் காரும் அதே பட்டியலில் முதற்பத்தில் இடம்பெற்றது. விலையுயர்ந்த வண்டியை வாங்குவோர் அதனைச் செலவிட்டுப் பேணுவர் என்பதையும் மறத்தல் கூடாது.

லாண்ட்ரோவர்களில் முக்காற்பங்கு இன்றும் ஓடுகின்றன என்னும் பேச்சும் பலகாலமாக வழங்கி வருகிறது. இதனை ஏற்குமுன், செய்தவை எத்தனை, இன்று பதிவிலுள்ளவை எத்தனை என்று இரண்டையும் ஒப்பிட வேண்டும். கண்ணில் படும் பழைய வண்டி பிழைத்த வண்டி. அதனுடன் பிறந்து பழைய இரும்பாகிப் போனவை யார் கண்ணிலும் படுவதில்லை. நூறாண்டு வாழ்ந்த முதியவர் ஒருவரைக் கண்டு, அவர் காலத்தவர் அனைவரும் நூறாண்டு வாழ்ந்தனர் என்று முடிவு செய்வாருண்டோ?

சட்டம் வகுத்த ஆயுள்

சிங்கப்பூரில் இவ்வாராய்ச்சி வேறு வடிவம் கொள்கிறது. நிலம் சிறியது, சாலைகளுக்கு எல்லை உண்டு. அதனால் 1990 மே மாதத்தில் வாகன ஒதுக்கீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. கார் வாங்குவோர் முதலில் சிஓஇ என்னும் உரிமைச் சான்றிதழை ஏலத்தில் பெற வேண்டும். அதன் ஆயுள் 10 ஆண்டு. 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான சான்றிதழே ஒரு இலட்சம் வெள்ளியைக் கடந்தது.

பத்தாண்டு முடிந்ததும் காரைப் பதிவிலிருந்து நீக்க வேண்டும்; அல்லது அண்மைய மூன்று மாத ஏலத் தொகைகளின் சராசரியைச் செலுத்தி 5 ஆண்டுக்கோ 10 ஆண்டுக்கோ புதுப்பிக்க வேண்டும். ஐந்தாண்டுக்குப் புதுப்பித்த காரை மீண்டும் புதுப்பிக்க இயலாது. பத்தாண்டு கடந்த காருக்குச் சாலை வரியும் கூடும். முதலில் 10 விழுக்காடு கூடுதலாகத் தொடங்கி 50 விழுக்காடு வரை ஏறும். சோதனையும் ஆண்டுதோறும் நடைபெறும். நீக்கப்பெற்ற கார்கள் பழைய இரும்பாகின்றன. அல்லது வேறு நாடுகளுக்குக் கப்பலேறி அங்கே ஓடுகின்றன. கப்பலேறிய கார் இறந்த கார் அன்று என்பதனை நினைவிற்கொள்க.

சரக்கு வண்டிகளுக்குச் சட்டம் வகுத்த எல்லை 20 ஆண்டு. தேக்காச் சந்தைக்குக் காய்கறி கொணரும் லாரியும், அதன் பின்னே நிற்கும் காரும் ஒரே சாலையில் நின்றாலும் அவற்றின் எல்லைகள் வேறு. 35 ஆண்டு கடந்த வண்டியைப் பழம்பெரும் வண்டித் திட்டத்தில் பதியலாம். ஆனால் ஆண்டுக்கு 45 நாளுக்கு மேல் ஓட்டலாகாது.

ஆகச் சிங்கப்பூரில் லாண்ட்ரோவருக்கும் சிறு காருக்கும் சான்றிதழின் ஆயுள் ஒன்றே. எஞ்சின் சாகுமுன் சான்றிதழ் முடிகிறது. முப்பதாண்டு உழைக்க வல்ல சட்டகத்துக்குக் கொடுத்த மிகுவிலை, பத்தாண்டிலேயே வண்டியை நீக்கி விடுவோர்க்குப் பயன்தராது. புதுப்பித்து ஓட்ட எண்ணுவோர்க்கே அது கருதத் தக்கது.

எது நெடிய ஆயுள்?

மேற்கூறியவற்றால் சில உண்மைகள் பெறப்படும். தனிச் சட்டகமும் எளிய எஞ்சினும் உடைய வண்டி நெடுநாள் பழுதுபார்க்கத் தக்கது. பழுதுபார்க்கத் தக்கது என்பதும் பழுதாகாதது என்பதும் வேறு. முன்னதை மக்கள் பின்னதாகக் கருதிவிட்டதே இக்குழப்பத்தின் வேர்.

நெடிய ஆயுள் எப்போதும் நன்மையும் ஆகாது. பழைய சட்டக வண்டி மோதலின் விசையைத் தான் வாங்காமல் உள்ளிருப்போர்க்கு மிகுதியாகக் கடத்தும். உயரமாக இருப்பதால் வளைவில் கவிழவும் கூடும். காற்றுப்பையும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் தடையமைப்பும் அதில் இல்லை. புகையும் மிகுதி. சிங்கப்பூரில் 2025 சனவரி முதல் புதிய டீசல் கார்களைப் பதிவு செய்ய இயலாது என்பதும் இவ்வெண்ணத்தின் விளைவே.

ஆகவே பழைய வண்டி வாங்குவோர் அதன் வகையைக் கேட்பதோடு நில்லாமல், அடியிற் குனிந்து சட்டகத்தைப் பார்த்தல் வேண்டும். உறுப்புகள் கிடைக்குமா என்று பட்டறையில் வினவுதல் வேண்டும். சான்றிதழில் எஞ்சிய காலத்தைக் கணக்கிடுதல் வேண்டும். சுமை அளவோடு இருந்து, சேமஅச்சு கையில் இருந்து, சட்டமும் இடங்கொடுத்தால் எவ்வண்டியும் நெடுநாள் ஓடும். இம்மூன்றில் ஒன்று தவறினும் இரும்புச் சட்டகம் மட்டும் அதனைக் காவாது.