கதிர்ச் சிகிச்சைக்குப் பின் குருதி காட்டும் எண்

வேரோடு பிடுங்கிய பால்மரம் மங்கில் ஒரு சொட்டும் தராது. பட்டுப்போகும் நிலையில் நிற்கும் மரமோ இன்னும் சில சொட்டுகள் வடிக்கும். புலாவ் செபாங் வட்டாரத்துத் தோட்டங்களில் பால் வெட்டிய முதியோருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. புராஸ்டேட் புற்றுநோய்க்கு மருத்துவம் செய்துகொண்டோரின் குருதிச் சோதனையிலும் இவ்வேறுபாடே முதன்மையானது.

புராஸ்டேட் என்பது ஆடவர்க்குச் சிறுநீர்ப்பையின் கீழே அமைந்த சிறு சுரப்பி. அது சுரக்கும் புரதம் ஒன்று சிறிதளவு குருதியிலும் கலக்கும், அதனைப் பி.எஸ்.ஏ. என்பர். ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என அளப்பர். அறுவையில் சுரப்பி முழுதும் நீக்கப்படுவதால் இப்புரதம் ஏறத்தாழ இல்லாமற்போதல் வேண்டும். அளவு 0.2 ஆகி, மறு சோதனையிலும் உறுதிப்பட்டால் நோய் மீண்டதெனக் கொள்வர். கதிர்ச் சிகிச்சையிலோ சுரப்பி உடலிலேயே இருக்கிறது. எஞ்சிய நல்ல உயிரணுக்கள் சிறிது சுரந்துகொண்டிருக்கும். அளவு மெல்ல இறங்கி அடிமட்டத்தை அடைய ஈராண்டும் அதற்கு மேலும் ஆகலாம். அறுவைக்குரிய எல்லையை இவர்களுக்குப் பொருத்தி அஞ்சுவது வீண் அச்சம்.

அப்படியாயின் எல்லை யாது? தொடர்ந்து மூன்று முறை ஏறினால் நோய் மீண்டது என அமெரிக்கக் கதிர் மருத்துவர் சங்கம் 1996-இல் விதித்தது. மீண்ட நாளை, அடிமட்டத்துக்கும் முதல் ஏற்றத்துக்கும் நடுவே பின்னோக்கிக் குறித்தனர். ஏற்றம் எத்துணைச் சிறிதாயினும் கணக்கில் வந்தது. பின்னோக்கிக் குறித்ததால் முடிவுகளை ஒப்பிடுவதும் பிழைபட்டது. எனவே 2005-இல் பீனிக்ஸ் நகரில் கூடிய வல்லுநர்கள் அதனை மாற்றினர். மிகத் தாழ்ந்த அளவுக்கு மேல் 2 ஏறினால் நோய் மீண்டது. அதனைக் கண்ட நாளே மீண்ட நாள். சாம்பலினின்று மீண்டெழும் பறவையின் பெயர்கொண்ட ஊரில் இவ்விதி பிறந்தது தற்செயலே!

ஒருவரது தாழ்ந்த அளவு 0.5 எனில், எல்லை 2.5. கடைசிச் சோதனையின் எண்ணோடு 2-ஐக் கூட்டுதல் தவறு.

இவ்வளவு இடைவெளி ஏன்? சிகிச்சைக்குப் பிந்திய முதல் சில ஆண்டுகளில் அளவு ஏறித் தானே இறங்குவதுண்டு. கதிர்மணிகளைச் சுரப்பியுள் பதித்தோரிடம் இது மிகுதி. சிலருக்கு அந்த ஏற்றம் 2-ஐயும் தாண்டும். ஆண் ஹார்மோனை அடக்கும் மருந்தை நிறுத்திய பின்னும் எண் உயரக்கூடும். ஆதலால் மருத்துவர் மீண்டும் சோதிப்பர். மறுபுறம், அளவு விரைந்து இரட்டித்தால் எல்லையை எட்டுமுன்னரே படமெடுத்துப் பார்ப்பதும் உண்டு. நோய் எவ்விடத்தில் மீண்டது என்பதை எண் சொல்லாது.

புலாவ் செபாங் மாநில எல்லையோரத்து ஊர். ஒரு சோதனையை மலாக்காவிலும், அடுத்ததை ரயிலேறிச் சிரம்பானிலும் எடுப்பது எளிது. ஆனால் சோதனைக்கூடங்களின் முறைகள் மாறினால் எண்ணும் சற்று மாறும். இயன்றவரை ஒரே கூடத்தில் சோதிப்பது நன்று. பழைய சீட்டுகளை, குறிப்பாக மிகத் தாழ்ந்த அளவைக் காட்டும் சீட்டை, பத்திரப்படுத்தல் வேண்டும். அது தொலைந்தால் எதனோடு 2-ஐக் கூட்டுவது?