நிலக்கீல் வாகனப் பாதைக்கான காப்புப் பூச்சு

நிலக்கீல் காப்புப் பூச்சு என்பது, தெருவிலிருந்து வீட்டின் கார் நிறுத்துமிடம் வரை செல்லும் நிலக்கீல் பாதையின் மேல் பூசப்படும் மெல்லிய கருநிறப் படலம் ஆகும். ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் வீடுகளுக்கு முன் இத்தகைய பாதைகள் பெருமளவில் உள்ளன. அங்கு இப்பாதையை ‘டிரைவ்வே’ என்றும், பூச்சை ‘சீல்கோட்’ என்றும் அழைப்பர். கடைகளில் விற்கப்படும் பூச்சுகள் எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோலவே கருப்பாக இருக்கும். ஆனால் அவற்றின் மூலப்பொருள்கள் வேறு. உடல்நலத்துக்கும் நீர்நிலைகளுக்கும் அவை விளைவிக்கும் தீங்கின் அளவும் வேறு. எனவே எதனால் செய்யப்பட்டது என்பதே பூச்சைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது.

தாரும் நிலக்கீலும்

தமிழில் ‘தார்’ என்ற ஒரே சொல் இரண்டு வெவ்வேறு பொருள்களைக் குறிக்கிறது. கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது எஞ்சும் கனமான பொருள் நிலக்கீல். இன்று நாம் ‘தார்ச் சாலை’ என்று சொல்லும் சாலைகளில் இருப்பது இதுவே. நிலக்கரித் தார் என்பது வேறு. எஃகு ஆலைகளுக்குத் தேவையான கல்கரியைத் தயாரிக்க நிலக்கரியைக் காற்றில்லாமல் சூடாக்கும்போது அது துணைப்பொருளாகக் கிடைக்கிறது. அதைக் காய்ச்சி வடித்த பின் எஞ்சும் கெட்டிப் பொருள் நிலக்கரித் தார்ப் பிசின் எனப்படும். காப்புப் பூச்சில் சேர்க்கப்படுவது இந்தப் பிசினே.

பூச்சின் தேவை

நிலக்கீல் பாதையின் எடையில் ஏறத்தாழ 95 விழுக்காடு கல்லும் மணலும் ஆகும். அவற்றைப் பிணைக்கும் நிலக்கீல் சுமார் 5 விழுக்காடுதான். வெயிலும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் இந்தப் பிணைப்பை மெல்ல இறுகச் செய்கின்றன. கருமை மங்கிச் சாம்பல் நிறமாகி, மேற்பரப்பு நொறுங்கும் தன்மை அடைகிறது. பின்னர் நுண்ணிய வெடிப்புகள் தோன்றுகின்றன. குளிர்நாடுகளில் அவ்வெடிப்புகளில் புகும் நீர் உறையும்போது சுமார் 9 விழுக்காடு விரிவடைந்து அவற்றை அகலப்படுத்துகிறது. வண்டிகளிலிருந்து சொட்டும் பெட்ரோலும் எண்ணெயும் நிலக்கீலைக் கரைக்கின்றன. இவற்றைத் தாமதப்படுத்துவதே பூச்சின் வேலை. பாதையின் அடித்தளம் அமிழ்ந்திருந்தாலோ, பெரிய குழிகள் விழுந்திருந்தாலோ பூச்சு அதைச் சரிசெய்யாது. மறைக்க மட்டுமே செய்யும்.

முக்கிய வகைகள்

நிலக்கரித் தார்ப் பூச்சு: இதில் பொதுவாக 20 முதல் 35 விழுக்காடு வரை நிலக்கரித் தார்ப் பிசின் இருக்கும். பெட்ரோலும் எண்ணெயும் இதை எளிதில் கரைப்பதில்லை. நீண்ட காலம் உழைக்கும். அமெரிக்காவில் ராக்கி மலைத்தொடருக்குக் கிழக்கேயுள்ள பகுதிகளில் இது அதிகம் பயன்பட்டு வந்தது.

நிலக்கீல் குழம்புப் பூச்சு: நிலக்கீலை நுண்துளிகளாக நீரில் கலந்து, களிமண் போன்ற நிரப்பிகள் சேர்த்துச் செய்யப்படுகிறது. எண்ணெய்க் கசிவை அவ்வளவாகத் தாங்காது. சற்று விரைவில் தேயும். மேற்கு மாநிலங்களில் நெடுங்காலமாக இதுவே வழக்கம்.

அக்ரிலிக் பூச்சு: செயற்கைப் பலபடிகளால் ஆனது. வெயிலையும் எண்ணெயையும் நன்றாகத் தாங்கும். பல நிறங்களில் கிடைக்கும். விலை அதிகம்.

நிலக்கரித் தாரின் சிக்கல்

நிலக்கரித் தார்ப் பிசினின் எடையில் பாதிக்கு மேல் பல்வளைய அரோமேட்டிக் ஹைட்ரோகார்பன்கள் என்னும் வேதிப்பொருள்கள் உள்ளன. இவற்றுள் பென்சோபைரீன் உள்ளிட்ட சில புற்றுநோயை உண்டாக்குபவை. நிலக்கரித் தார்ப் பிசினைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவை அடங்கிய முதல் தொகுதியில் வைத்துள்ளது. அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, நிலக்கரித் தார்ப் பூச்சில் இவ்வேதிப்பொருள்களின் அளவு நிலக்கீல் பூச்சில் உள்ளதைப் போல் சுமார் 1,000 மடங்கு.

பூச்சு காய்ந்தபின் இப்பொருள்கள் பாதையிலேயே தங்கிவிடுவதில்லை. டயர்கள் உரசும்போது பூச்சு தூளாகிறது. மழைநீர் அத்தூளை வடிகால் வழியே ஓடைக்கும் ஏரிக்கும் கொண்டுசெல்கிறது. செருப்புகளிலும் செல்லப்பிராணிகளின் கால்களிலும் ஒட்டி வீட்டுக்குள்ளும் வருகிறது. டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் அதே நிறுவனம் நடத்திய ஆய்வில், இப்பூச்சுள்ள வாகன நிறுத்துமிடங்களை அடுத்த அடுக்குமாடி வீடுகளின் தூசியில் இவ்வேதிப்பொருள்கள் மற்ற வீடுகளைவிட 25 மடங்கு இருந்தன. தரையில் தவழ்ந்து, கையை வாயில் வைக்கும் குழந்தைகளே இத்தூசியை அதிகம் உட்கொள்கின்றனர்.

தடைச் சட்டங்கள்

ஆஸ்டின் நகரம் 2005-இல் சட்டம் இயற்றி, 2006 முதல் நிலக்கரித் தார்ப் பூச்சைத் தடைசெய்தது. இத்தகைய தடையை விதித்த முதல் அமெரிக்க நகரம் அதுவே. 2009-இல் தலைநகர் வாஷிங்டனும், 2011-இல் வாஷிங்டன் மாநிலமும், 2014 முதல் மினசோட்டா மாநிலமும் தடையை நடைமுறைப்படுத்தின. தடைக்குப் பின் ஆஸ்டினின் லேடி பேர்ட் ஏரி வண்டலில் இவ்வேதிப்பொருள்களின் அளவு சராசரியாக 58 விழுக்காடு குறைந்ததாக 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது. இம்மாசு பூச்சிலிருந்தே வந்தது என்னும் முடிவைப் பூச்சுத் தொழில்துறையினர் மறுத்து வருகின்றனர். பெரிய சில்லறை விற்பனை நிறுவனங்களான ஹோம் டிப்போவும் லோவ்சும் இதை விற்பதை நிறுத்திவிட்டன. ஆயினும் தடையில்லாத இடங்களில் ஒப்பந்தக்காரர்கள் வழியாக இது பாதைகளில் பூசப்படலாம்.

கண்டறியும் முறை

பொருளின் பாதுகாப்புத் தரவுத் தாளில் ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் உரிய சிஏஎஸ் எண் இருக்கும். 65996-93-2, 65996-89-6, 8007-45-2 ஆகியவை நிலக்கரித் தாரையும் அதன் பிசினையும் குறிப்பவை. நிலக்கீலின் எண் 8052-42-4. எனினும் 64742-90-1 என்ற எண்ணும் உள்ளதா எனப் பார்க்க வேண்டும். அது பெட்ரோலியத்திலிருந்து வந்ததாயினும் மேற்சொன்ன வேதிப்பொருள்கள் மிகுந்த ஒரு கழிவெச்சமாகும். வேலையை ஒப்பந்தக்காரரிடம் விடுவோர், தரவுத் தாளை வேலைக்கு முன்பே கேட்டு வாங்குவது நல்லது.

ஏற்கெனவே பூசப்பட்ட பாதையை எளிய சோதனையால் அறியலாம். பூச்சைச் சிறிது சுரண்டி, கண்ணாடிக் குப்பியில் மினரல் ஸ்பிரிட் எனப்படும் பெயின்ட் கரைப்பானில் இட்டுக் குலுக்கி, சற்று நேரம் விட வேண்டும். நிலக்கீல் கரைந்து திரவம் காபிபோல் கருக்கும். நிலக்கரித் தார் அவ்வளவாகக் கரையாது. திரவம் வெளிர் தேநீர் நிறத்திலேயே இருக்கும். பெட்ரோலுக்குக் கரையாத பண்பைச் சொல்லியே இப்பூச்சு விற்கப்பட்டது; அதே பண்பு இங்கே அதைக் காட்டிக்கொடுக்கிறது.

பூசும்போது கவனிக்க வேண்டியவை

புதிதாகப் போட்ட பாதையை 6 முதல் 12 மாதங்கள் வரை இறுக விட்ட பிறகே பூச வேண்டும். முதலில் வெடிப்புகளை நிரப்பி, எண்ணெய்க் கறையையும் தூசியையும் நீக்க வேண்டும். வெப்பநிலை 10 பாகை செல்சியசுக்கு மேல் இருப்பதும், அடுத்த 24 மணி நேரத்துக்கு மழை வராதிருப்பதும் அவசியம். கெட்டியாக ஒருமுறை பூசுவதைவிட மெல்லியதாக இருமுறை பூசுவது நன்று. அதன்பின் 24 முதல் 48 மணி நேரம் வரை வண்டியை ஏற்றக்கூடாது.

இரண்டு முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூசினால் போதும். ஆண்டுதோறும் பூசினால் படலம் தடித்து, வெடித்து, உரியும். மேற்பரப்பு இன்னும் கருமையாகவும் உறுதியாகவும் இருந்தால் பூச வேண்டியதே இல்லை.

தேர்வு

சில வண்டிகள் மட்டும் வந்துபோகும் வீட்டுப் பாதைக்கு, எரிபொருள் நிலையத்துக்குத் தேவையான எண்ணெய்த் தாங்குதிறன் தேவைப்படுவதில்லை. ஆகவே நிலக்கரித் தார்ப் பூச்சின் சிறப்புப் பண்பு அங்கே பெரிதாகப் பயன்படாது. அதன் தீங்கு மட்டும் வீட்டாரிடமும் அருகிலுள்ள ஓடையிடமும் சேரும். செலவைக் கருதுவோருக்கு நிலக்கீல் குழம்புப் பூச்சும், அடிக்கடி பூச விரும்பாதோருக்கு அக்ரிலிக் பூச்சும் ஏற்றவை.