உதட்டில் கட்டி தட்டினால்?

முகத்தில் ஓயாமல் வேலை செய்கிற உறுப்பு எது? கண் என்று சொல்லத் தோன்றும். ஆனால் உதட்டைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பேசுகிறோம், சிரிக்கிறோம், காப்பியை உறிஞ்சுகிறோம், கோபம் வந்தால் கடித்துக்கொள்கிறோம். எதிரே உட்கார்ந்து பேச்சைக் கேட்பவர்கள் பார்ப்பதும் அதைத்தான். கன்னத்தில் சிறு மேடு இருந்தால் யாருக்கும் தெரியாது. உதட்டில் கடுகளவு மேடு இருந்தாலும் ஊருக்குத் தெரிந்துவிடும். ஊருக்குத் தெரியாவிட்டாலும் நம் நாக்குக்குத் தெரியும்!

மெல்லிய உதட்டைப் பூரிப்பாக்கிக்கொள்ள ஊசி போட்டுக்கொள்வது இப்போது பெரிய நகரங்களில் சாதாரணமாகிவிட்டது. சினிமாக்காரர்கள் மட்டும் என்றில்லை. ஆபீஸ் போகிறவர்களும் கல்யாணத்துக்கு நாள் குறித்தவர்களும் போட்டுக்கொள்கிறார்கள். அது தேவையா, தேவையில்லையா என்ற பட்டிமன்றம் இங்கே வேண்டாம். போட்டுக்கொண்ட பிறகு உதடு கட்டி தட்டிப்போனால், ஒரு பக்கம் ஏறியும் மறு பக்கம் இறங்கியும் நின்றால், என்ன செய்வது? அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

மெழுகு படுத்திய பாடு

இந்த ஆசை புதிதல்ல. 1900-ஐ ஒட்டிய வருஷங்களில், வியன்னா நகரத்து வைத்தியர் ராபர்ட் கெர்சுனி காட்டிய வழியில், பாரபின் மெழுகை உருக்கி முகத்தில் ஊசியால் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

கிளாடிஸ் டீக்கன் என்று ஓர் அமெரிக்கச் சீமாட்டி. 1921-ல் மார்ல்பரோ பிரபுவை மணந்து, இங்கிலாந்தின் பெரிய அரண்மனை ஒன்றில் குடிபுகுந்தவர். இளமையில் பேரழகி என்று பெயர் வாங்கியவர். தம் மூக்கு கிரேக்கச் சிலையின் மூக்கைப்போல நேராக இருக்கவேண்டும் என்று, 22 வயதில் மூக்குத் தண்டில் மெழுகு ஏற்றிக்கொண்டார். மெழுகு வைத்த இடத்தில் நின்றதா? வழுக்கிக் கீழே இறங்கி, மோவாய்ப் பக்கம் கட்டியாகத் தங்கிவிட்டது! அதை எடுக்க அன்று வழியில்லை. 1977-ல், 96 வயதில்தான் அவர் காலமானார். எவ்வளவு நீண்ட காலம் அந்தக் கட்டியோடு வாழ்ந்திருக்கிறார், பாருங்கள்.

போடத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். எடுக்கத் தெரிந்தவர்கள் இல்லை. கதை முழுவதும் அவ்வளவுதான்.

ஊசிக்குள் என்ன?

1934-ல் நியூயார்க்கில் கார்ல் மேயர், ஜான் பாமர் என்ற இரு விஞ்ஞானிகள், மாட்டின் கண்ணுக்குள் இருக்கும் கண்ணாடி போன்ற கூழிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். ஹயலூரானிக் அமிலம் என்று அதற்குப் பெயர் சூட்டினார்கள். அமிலம் என்றதும் சுட்டுவிடுமோ என்று பயப்படவேண்டாம். நம் தோலிலும் மூட்டிலும் கண்ணிலும் இயற்கையாகவே இருக்கிற வழவழப்பான பொருள்தான். தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வது அதன் குணம்.

ஆனால் அதை உள்ளபடியே ஊசியில் ஏற்றினால் சில நாளில் கரைந்து போகும். உதிரிப் பூவைத் தலையில் வைத்தால் நிற்குமா? நாரில் தொடுத்துச் சரமாக்கினால்தானே நிற்கும்? அதுபோல இதன் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துக் கூழாக்குகிறார்கள். அப்புறம் அது மாதக்கணக்கில் உதட்டில் தங்குகிறது. இந்த வகை மருந்துக்கு அமெரிக்காவில் 2003-ல் முகச் சுருக்கத்துக்காகவும், 2011-ல் உதட்டுக்காகவும் அரசு அனுமதி கிடைத்தது. ஒரு தடவைக்குப் பெரும்பாலும் ஒரு மில்லி லிட்டருக்கு மேல் போடுவதில்லை. டீஸ்பூனில் ஐந்தில் ஒரு பங்கு!

இரண்டு வாரம் பொறுங்கள்

ஊசி போட்ட மறுநாள் கண்ணாடியைப் பார்த்தால் பகீரென்று இருக்கும். உதடு தேன்கூடு மாதிரி வீங்கியிருக்கும். ஊசி குத்திய இடத்தில் ரத்தம் கட்டி நீலம் பாரித்திருக்கும். தொட்டால் உள்ளே சிறு சிறு உருண்டைகள் தட்டுப்படும். ஒரு பக்கம் அதிகமாகவும் தெரியலாம். இதில் பெரும்பகுதி வீக்கமே தவிர மருந்தல்ல. முதல் இரண்டு மூன்று நாள் ஜாஸ்தியாக இருந்து பிறகு வடியும். ரத்தக்கட்டு ஒன்று இரண்டு வாரத்தில் மறையும். ஆகவே, இரண்டு வாரம் ஆவதற்குள், 'கோணலாக இருக்கிறதே, இன்னொரு ஊசி போட்டு நிரவுங்கள்' என்று போய் நிற்கவேண்டாம். வீக்கத்தை நிரவப்போய், வீக்கம் வடிந்ததும் புதிய கோணல் ஒன்று கிளம்பும்.

குழம்பில் மாவு கட்டி தட்டினால் கரண்டியால் நசுக்கிவிடுவோம். அந்தக் கைப்பழக்கத்தை உதட்டில் காட்டாதீர்கள்! இப்படி அழுத்து, இத்தனை தடவை அழுத்து என்று டாக்டரே காட்டிக் கொடுத்திருந்தால், கையைச் சுத்தமாகக் கழுவிக்கொண்டு அந்தப்படி செய்யலாம். இல்லாவிட்டால் தொடவே வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைச் சற்று நேரம் ஒற்றுவது நல்லது. முதல் நாள் உதட்டுச் சாயம் பூசவேண்டாம்.

நாரை அறுக்கும் மருந்து

இரண்டு வாரம் கழிந்தும் மேடு இருந்தால், அது நிஜமான மேடு. ஓர் இடத்தில் மருந்து கூடுதலாக விழுந்திருக்கலாம். மேலாகப் போட்டதால் நீல நிறம் தெரியலாம். உதட்டின் எல்லையைத் தாண்டி மீசை இடத்துக்கு மருந்து ஏறியிருக்கலாம். அல்லது, உங்கள் உதடு முதலிலிருந்தே இரு பக்கமும் ஒரே அளவாக இல்லாமலும் இருக்கலாம். ஊசிக்கு முன்பே ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது இதற்காகத்தான்.

தோலுக்கு மிக அருகே இருக்கும் சிறு உருண்டையை டாக்டர் நுண்ணிய ஊசியால் குத்தி வெளியேற்றிவிடுவார். மற்றவற்றுக்கு ஒரு மாற்று மருந்து இருக்கிறது. அதன் பெயர் ஹயலூரானிடேஸ். பூச்சரத்தின் நாரை அறுத்தால் பூ உதிர்ந்துபோகிறதல்லவா? இது அந்தக் கூழின் பிணைப்பை அறுத்துவிடுகிறது. சில மணி நேரத்திலேயே மேடு இளகத் தொடங்கும். ஒன்றிரண்டு நாளில் பலன் தெரியும். சிறு மேட்டுக்குச் சிறு அளவு. எல்லாவற்றையும் எடுக்கவேண்டுமானால் கூடுதல் அளவு. சிலருக்கு இரண்டாம் முறையும் தேவைப்படும். மறுபடி ஊசி போட்டுக்கொள்வதானால், மேலும் இரண்டு வாரமாவது விட்டுத்தான்.

இந்த மருந்து சிலருக்கு ஒவ்வாமல் போகலாம். தேனீயின் விஷத்திலும் இதே வகைப் பொருள் இருக்கிறது. ஆகவே, தேனீ கொட்டி உடம்பெல்லாம் தடித்து மூச்சுத் திணறியவர்கள் அதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லவேண்டும்.

இன்னொன்று மிக முக்கியம். இது ஹயலூரானிக் கூழை மட்டுமே கரைக்கும். ஸிலிகோன் திரவத்தைத் தொடக்கூட முடியாது. அழகுக்காக ஸிலிகோனை ஊசியில் ஏற்றுவதற்கு அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம் அனுமதியே தரவில்லை. அது உதட்டில் கட்டி தட்டினால் கத்திதான் வழி. கத்தி வைத்தாலும் முழுவதும் வந்துவிடும் என்பதில்லை.

பொறுக்கக் கூடாத கட்டம்

மேலே பொறுங்கள் என்றேன். பொறுக்கவே கூடாத சமயமும் ஒன்று உண்டு.

உதட்டுக்குள் ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. கூழ் அதில் புகுந்துவிட்டாலோ, வெளியிலிருந்து அதை நெருக்கிவிட்டாலோ, அந்தப் பகுதிக்கு ரத்தம் போகாது. அடையாளம் என்ன? ஊசி குத்திய வலிக்குப் பொருந்தாத கடுமையான வலி. உதடோ அதன் சுற்றுப்புறமோ வெள்ளைவெளேரென்று வெளுத்துப்போதல். பிறகு மீன் வலை விரித்த மாதிரி நீலமும் சிவப்புமாகக் கோலம் படர்தல். விரலால் அழுத்தி எடுத்தால் உடனே ரத்த ஓட்டம் திரும்பாமல் வெளுப்பாகவே நிற்றல். மரத்துப்போக மருந்து போட்டிருந்தால் வலி தெரியாமலும் இருக்கலாம், நிறத்தைப் பாருங்கள்.

'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று படுத்துவிடாதீர்கள். ஐஸும் வைக்காதீர்கள். ஊசி போட்டவருக்கு உடனே போன் செய்யுங்கள். கிடைக்காவிட்டால் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஹயலூரானிடேஸைத் தாராளமாக, சில மணி நேரத்துக்குள் போட்டால் உதடு பிழைக்கும். தாமதித்தால் சதை அழுகித் தழும்பாகிவிடும். கண் பார்வை மங்கினாலோ, நாக்கு வீங்கி மூச்சு முட்டினாலோ, யாருக்கும் போன் செய்து காத்திராமல் ஆஸ்பத்திரிக்கே போகவேண்டும்.

மாதங்கள் கழித்து வரும் விருந்தாளி

சிலருக்கு எல்லாம் அடங்கி, சில வாரமோ சில மாதமோ கழித்துப் புதிதாக ஒரு கட்டி கிளம்பும். கிருமியால் இருக்கலாம், உடம்பின் எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொண்டதாலும் இருக்கலாம். சிவந்து, சுட்டு, வலித்தால் முதலில் கிருமியைக் கொல்லும் மருந்து. பிறகே கரைக்கும் மருந்து. தேவையானால் கட்டிக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசியும் போடுவார்கள். பல் வைத்தியத்தையும் உதட்டு ஊசியையும் அடுத்தடுத்து வைத்துக்கொள்ளாமல், இடையே இரண்டு வாரம் விடச் சொல்வதும் கிருமிக்குப் பயந்துதான்.

நுழையுமுன் கேளுங்கள்

அபிமன்யு பத்ம வியூகத்துக்குள் நுழையக் கற்றிருந்தான். வெளியே வரக் கற்கவில்லை. உதட்டு ஊசி போடுகிறவர்களிலும் அபிமன்யுக்கள் உண்டு.

இங்கிலாந்தில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே இந்தக் கூழ், டாக்டர் சீட்டு இல்லாமலே கிடைத்தது. ஆனால் அதைக் கரைக்கும் ஹயலூரானிடேஸுக்கு டாக்டர் சீட்டு வேண்டும்! ஆக, அழகு நிலையத்தில் ஊசி போட்டவருக்குப் போட மட்டுமே வழி, எடுக்க வழியில்லை. 2013-ல் சர் புரூஸ் கியோ தலைமையில் ஆராய்ந்த குழு, பேனாவோ பல் துலக்கும் பிரஷோ வாங்குகிறவருக்கு இருக்கிற பாதுகாப்புக்கு மேல் இவர்களுக்கு இல்லை என்று கண்டித்தது. 2021 அக்டோபர் முதல், 18 வயது நிரம்பாதவர்களுக்கு அழகுக்காக இந்த ஊசியைப் போடுவது அங்கே குற்றம். அதே மாதம் அமெரிக்காவில், ஊசியில்லாமல் பேனா போன்ற கருவியால் வீட்டிலேயே கூழைச் செலுத்திக்கொள்ளக் கூடாது என்று அரசு எச்சரித்தது.

ஆகவே, நாற்காலியில் சாய்ந்து உட்காரும் முன் நான்கு கேள்வி கேளுங்கள்:

போடப்போவது ஹயலூரானிக் கூழ்தானா? டப்பாவைக் காட்டச் சொல்லிப் பெயரையும் தொகுப்பு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

போடுகிறவர் பட்டம் பெற்ற டாக்டர்தானா? தோல் வைத்தியத்திலோ பிளாஸ்டிக் சர்ஜரியிலோ பயிற்சி உண்டா?

கரைக்கும் மருந்து இந்த நிமிஷம் இங்கே இருக்கிறதா?

இரவில் ஏதாவது ஆனால் எந்த நம்பருக்குக் கூப்பிடுவது?

கர்ப்பிணிகளும் கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பவர்களும் ஊசியைத் தள்ளிப்போடுவதே நல்லது. ஜுரம் வந்தால் உதட்டோரம் கொப்புளம் கிளம்பும் வழக்கமுள்ளவர்கள் முன்பே டாக்டரிடம் சொன்னால், அதற்கு முன்ஜாக்கிரதையாக மாத்திரை தருவார்.

நான்கு கேள்விக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிற டாக்டரிடம் போங்கள். எடுக்கத் தெரிந்தவர்தான் போடத் தகுந்தவர். 'அதெல்லாம் ஒன்றும் ஆகாது, உட்காருங்கள்' என்று சொல்கிற இடமானால், உட்காராமல் எழுந்து வந்துவிடுங்கள்.