பிலிமின் முதுகில் தங்கிவிடும் நிறம்

4×5 அங்குல ஷீட் பிலிமை வீட்டில் கழுவுகிறவர்களிடம் அடிக்கடி கேட்கிற புகார் ஒன்று உண்டு. படம் நன்றாக வந்திருக்கும். ஆனால் நெகட்டிவின் பின்பக்கத்தில் நீலமாகவோ ஊதாவாகவோ பட்டை பட்டையாகக் கறை நிற்கும். உடனே பழி டெவலப்பர் மேல் விழும், இல்லாவிட்டால் ஹைப்போ என்னும் ஃபிக்ஸர் மேல். புது மருந்து கலக்குவார்கள், நேரத்தைக் கூட்டுவார்கள். அடுத்த பிலிமிலும் அதே பட்டை வரும். பெரும்பாலும் மருந்தில் குற்றம் இருப்பதில்லை. பிலிமின் முதுகுவரை மருந்து போக இடம் விடாத பாத்திரத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கறையாக நிற்கும் அந்த நிறம், பிலிமைத் தயாரிக்கும்போதே பின்புறம் பூசுகிற சாயத்தின் மிச்சம். அதை அங்கே பூசுவதற்குக் காரணம் இருக்கிறது. படமெடுக்கும்போது எமல்ஷன் என்னும் ஒளியுணர் பூச்சில் விழும் ஒளி முழுவதும் அங்கேயே நின்றுவிடாது. மிச்சம் ஊடுருவிப் போய், பிலிமின் பின்பரப்பில் பட்டுத் திரும்பி, எமல்ஷனை மறுபடியும் தாக்கும். இரவுக் காட்சியில் தெருவிளக்கைச் சுற்றி ஒரு மங்கலான வளையம் விழுவது இதனால்தான். இதற்கு ஹாலேஷன் என்று பெயர். கண்ணாடித் தகடுகளின் காலத்தில் இந்தத் தொல்லை அதிகம். தகடு தடிமனாக இருக்க இருக்க வளையமும் பெரிதாகும். பழுப்பு மண்நிறமியும் கருக்கிய சர்க்கரையும் கலந்த பூச்சைத் தகட்டின் பின்னால் தடவி, கழுவுமுன் ஈரப் பஞ்சால் துடைத்தெடுக்கும் வழக்கம் அப்போது இருந்தது. இன்றைய ஷீட் பிலிமின் தடிமன் சுமார் 0.18 மில்லிமீட்டர்தான். அதன் பின்புறம் உள்ள ஜெலட்டின் படலத்தில் சாயத்தைக் கலந்துவிடுகிறார்கள். திரும்ப வரும் ஒளியைச் சாயம் விழுங்கிவிடும். படலமோ பிலிம் சுருளாமலும் பார்த்துக்கொள்ளும். (சில சினிமா பிலிம்களின் ரெம்ஜெட் என்னும் கரிப்பூச்சு வேறு இனம், அதைக் காரக் கரைசலில் இளக்கித் துடைத்தே எடுக்க வேண்டும்.)

இந்தச் சாயத்தைப் போக்க டெவலப்பரே போதும். காரமும் சோடியம் சல்ஃபைட்டும் பட்டால் அது நிறமிழந்து கரைந்துவிடும். டி-76 டெவலப்பரில் லிட்டருக்கு 100 கிராம் சல்ஃபைட் இருக்கிறது. சாதாரண ஃபிக்ஸரிலும் சல்ஃபைட் உண்டு. இவ்வளவு இருந்தும் ஓரிடத்தில் நிறம் நிற்கிறது என்றால், அந்த இடத்தைக் கரைசல் தொடவே இல்லை என்றுதான் கொள்ள வேண்டும். பிளாஸ்டிக் குழாய்க்குள் பிலிமை வளைத்துச் செருகிக் கழுவும் முறையைப் பாருங்கள். எமல்ஷன் உட்புறம் பார்க்கும். முதுகு, வியர்த்த உடம்பில் சட்டை ஒட்டுவதுபோல் குழாய்ச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு உருட்டினாலும் அந்த இடைவெளிக்குள் கரைசல் நுழையாது. கறை பட்டைகளாக விழுவதே இதற்குச் சாட்சி. மருந்து வலுவிழந்திருந்தால் பிலிம் முழுக்க ஒரே சீராகச் சாயம் தங்கியிருக்கும்.

சீரான சாயமும் சில சமயம் தங்குவதுண்டு. மிகவும் நீர்த்துப் பயன்படுத்தும் ரோடினால் போன்ற டெவலப்பரில் சல்ஃபைட் சொற்பம். அங்கே மருந்தைக் குறை சொல்லலாம். டி-மேக்ஸ் பிலிமில் தெரியும் இளஞ்சிவப்பு இன்னொரு சங்கதி. அது எமல்ஷனுக்குள் இருக்கும் ஒளியுணர் சாயத்தின் மிச்சம். புது ஃபிக்ஸரும் நீண்ட அலசலும் அதைப் போக்கும்.

முன்கூட்டியே தண்ணீரில் ஊறவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. ஊறவைத்ததும் பச்சையாகவோ நீலமாகவோ நீர் வழிவதைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். தட்டில் பல பிலிம்களை ஒன்றாகக் கழுவும்போது அவை ஒன்றோடொன்று ஒட்டாதிருக்க அது உதவுவதும் உண்மை. ஆனால் பிலிம் தயாரிக்கும் இல்ஃபோர்ட் நிறுவனம் தன் பிலிம்களுக்கு இந்த முன்னலசலைப் பரிந்துரைப்பதில்லை. கழுவல் சீரில்லாமல் போகலாம் என்பது அதன் எச்சரிக்கை. அதைவிட முக்கியமான ஒன்று: டெவலப்பர் போக முடியாத இடத்துக்குத் தண்ணீர் மட்டும் எப்படிப் போகும்? முதுகுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் வலைத்துண்டை வைப்பது இதைவிடப் பலன் தரும்.

கறை இருந்தால்தான் என்ன என்றும் கேட்கலாம். சீரான மெல்லிய சாயமென்றால் பிரின்ட் போடும்போது ஒளியைச் சற்றுக் கூட்டிச் சமாளிக்கலாம். காண்ட்ராஸ்ட் மாறும் தாள்களில் மட்டும் அந்த நிறம் ஃபில்டராக வேலை செய்து காண்ட்ராஸ்டை மாற்றிவிடக்கூடும். பட்டைகளை அப்படி விட முடியாது, அவை பிரின்டில் தெரியும். மருந்து புகாத இடத்தில் அலசும் தண்ணீரும் சரியாகப் புகாது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். ஓரங்களில் சிக்கிய ஹைப்போ நாளடைவில் வெள்ளிப் படிமத்தைக் கெடுக்கும்.

நல்லவேளையாக, இந்தக் கறைக்காகப் பதற வேண்டியதில்லை. ஃபிக்ஸ் ஆன பிலிமை விளக்கைப் போட்டுக்கொண்டே குழாயிலிருந்து எடுத்து, தட்டில் முதுகு மேலே தெரியும்படி, சோடியம் சல்ஃபைட் கரைசலில் சில நிமிடம் அசைத்தால் பட்டை கரைந்துவிடும். பிறகு நன்றாக அலச வேண்டும். உலர்ந்து உறைக்குள் போய்விட்ட பழைய நெகட்டிவையும் மறுபடி நனைத்து இப்படியே சரிசெய்யலாம். விரலால் மட்டும் தேய்க்கக் கூடாது; நனைந்த ஜெலட்டின் எளிதில் கீறிக்கொள்ளும்.