ஏரி நாட்டிற் கூடாரம்

ஆங்கிலம் கற்றோருள் வேர்ட்ஸ்வேத்தின் பொன்மலர்ப் பாட்டை அறியாதார் அரியர். அம்மலரை வாழ்நாளிற் கண்டிராத நம் பள்ளிச் சிறுவர்களும் அப்பாட்டை நெட்டுருப் பண்ணி ஒப்புவித்த காலம் ஒன்றிருந்தது. 1802ஆம் ஆண்டு ஏப்பிரில் 15ஆம் நாள் கவிஞரும் அவர் தங்கை டொறதியும் அம்மலர்க் கூட்டத்தைக் கண்ட இடம் அல்ஸ்வோட்டர் என்னும் ஏரியின் கரை. இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில் மலைகளின் இடுக்குகளிலே இத்தகைய ஏரிகள் பல கிடக்கின்றன. அந்நிலப்பகுதியை ஏரி நாடு என்றே வழங்குவர். குடும்பத்தோடு அங்கே சென்று சில நாள் தங்க விரும்பும் ஒருவன் எவ்விடத்திற் கூடாரம் அடிக்கவேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள். கவிதையில் தொடங்கிய கட்டுரை மலசலகூடத்தையும் பற்றிப் பேசப்போகின்றது, வாசகர் பொறுத்தருள்க.

கூடாரவாசத்தை இன்பப் பொழுதுபோக்காக ஆக்கியவர்களுள் தோமஸ் ஹோல்டிங் என்ற தையற்காரர் குறிப்பிடத்தக்கவர். சைக்கிளிற் கூடாரத்தைக் கட்டிச் செல்வோர்க்காக 1901இல் அவர் நிறுவிய சங்கம் பெயர் மாறி இன்றும் நிலவுகின்றது. அதற்கு முன்னரே, 1885இல், கோடன் ஸ்டேபிள்ஸ் என்னும் கடற்படை வைத்தியர் குதிரைகள் இழுக்கும் வீட்டு வண்டியொன்றைச் செய்வித்து நாடு சுற்றினார். இன்று காரின் பின்னே கொழுவி இழுத்துச் செல்லும் கரவன் அதன் வழித்தோன்றலே. வண்டியே வீடாக அமைந்த மோட்டார் வாகனங்களும் உள. தாம் கொண்டுசெல்வது துணியா, சில்லுப் பூட்டிய வீடா என்பதைப் பொறுத்தே திடலின் தேர்வும் அமையும்.

எம்முடையது துணி. மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகள் இருவரும் யாமுமாக ஐவர் சென்றோம். முதல்முறை சென்றவர் எவரும் செய்யும் பிழையையே யாமும் செய்தோம். தண்ணீருக்கு மிக அண்மையில், கூடார வாயிலைத் திறந்தால் ஏரி முகத்தில் விழிக்கும்படியான இடத்தைத் தெரிந்தெடுத்தோம். புல் மெத்தென்றிருந்தது. அது மெத்தென்றிருந்தமைக்குக் காரணம் யாது என எவரும் வினவவில்லை. நள்ளிரவில் மழை தொடங்கிற்று. இரண்டு மணிக்கெல்லாம் திடலின் நீர் முழுவதும் எம்மை நோக்கி வந்தது. மேற்புறத்துக் கரவனிலிருந்த ஒரு முதியவர் கைவிளக்கோடு இறங்கி வந்து பிள்ளைகளைத் தூக்கிச் சென்றார். அவருடைய மனைவியார் தேநீர் ஊற்றித் தந்தார். முன்னாளில் லங்காஷயரைச் சேர்ந்திருந்த போல்ற்றன் நகரத்தவர் அவர்கள். பஞ்சாலைத் தொழிலாளர் பரம்பரை. "ஏரியைப் பார்ப்பதற்குக் கால்கள் இருக்கின்றன, ஐயா. படுப்பதற்கு மேடு வேண்டும்," என்றார் அம்முதியவர்.

அவ்வூர் மழையைப் பற்றிச் சிறிது விரித்துச் சொல்லவேண்டும். மேற்றிசைக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று முதலில் மோதுவது இம்மலைகளிலேதான். மலையடியிலுள்ள சீத்வெயிற் என்னும் சிற்றூர் இங்கிலாந்தில் மக்கள் வாழும் இடங்களுள் மழையால் முதன்மை பெற்றது. ஆண்டொன்றுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேற் பொழியும். அருகிலுள்ள ஹொனிஸ்டர் கணவாயில் 2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் இருபத்துநான்கு மணி நேரத்தில் 341 மில்லிமீற்றர் பெய்தது. ஆயினும் சில மைல்களுக்கு அப்பால், மலைகளின் மறைவிலுள்ள கெசிக் நகரில் மழை அதனிலும் மிகக் குறைவு. எனவே சிறு பிள்ளைகளோடு செல்வோர் மலையடிப் பள்ளத்தாக்குகளை விடுத்து, நகரத்தை அடுத்த திடலொன்றை நாடுவது அறிவுடைமை. நனைந்த பிள்ளையை ஒதுக்கிவைக்க ஒரு தேநீர்க்கடையாவது அங்கே இருக்கும்.

நீரும் எல்லா இடத்தும் ஒரு தன்மையதன்று. வாஸ்ற்வோட்டர் அந்நாட்டின் ஏரிகள் அனைத்திலும் ஆழமானது, 79 மீற்றர். கற்சரிவு நேரே நீருக்குள் இறங்கும் அதன் தோற்றம் கண்ணைக் கவரும். பிள்ளைகளின் தாய்க்கோ உறக்கத்தைக் கெடுக்கும். கோடையிலும் இவ்வேரிகளின் நீர் உடலை விறைக்கச் செய்யும் என்பதை வெப்ப நாட்டார் மறத்தலாகாது. காற்றில்லாத மாலைகளில், மரச்செறிவும் ஈரமும் உள்ள கரைகளில், நுளம்பினும் சிறிய கடிபூச்சிகள் திரண்டெழும். சற்றே காற்று வீசும் மேட்டுத் திடலை அவை அணுகுவதில்லை. போல்ற்றன் முதியவரின் மேடு இவ்வகையிலும் வென்றது.

கரவன் உடையோர்க்கு வேறொரு கவலை உண்டு, அது பாதை. லாங்டேல் பள்ளத்தாக்கிலிருந்து எஸ்க்டேலுக்கு வரைபடத்திற் குறுகிய வழி தெரியும். அவ்வழியிலுள்ள ஹாட்நொற் கணவாயோ மூன்றடிக்கு ஓரடி ஏறும் செங்குத்து. கரவனை இழுத்துக்கொண்டு அதில் ஏற முயல்வது மடமை. தெற்கே சுற்றிக் கடற்கரைப் பக்கமாகச் செல்வதே முறை. திடலின் அழகை விசாரிக்குமுன் அதற்குச் செல்லும் தெருவின் அகலத்தை விசாரித்தல் வேண்டும்.

திடல்கள் பலதிறத்தன. மின்னிணைப்பு, வெந்நீர்க் குளியலறை, கடை, விளையாட்டிடம் யாவும் அமைந்த பெருந்திடல்கள் ஒருபுறம். 1895இல் தோன்றிய தேசிய நம்பிக்கை நிதியம் லாங்டேல், வாஸ்டேல், விண்டர்மியர்க் கரையிலுள்ள லோ றே ஆகிய இடங்களில் நடத்தும் திடல்கள் இன்னொருபுறம். குழந்தைகளுக்கு முயற்கதை எழுதிய பியற்றிஸ் பொற்றர் 1943இல் இறந்தபோது நாலாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை விட்டுச்சென்றது இந்நிதியத்துக்கே. மூன்றாவது வகை கமக்காரரின் புல்வெளி. கரவன் திடல்களுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என விதித்த 1960ஆம் ஆண்டுச் சட்டம், அங்கீகாரம் பெற்ற சங்கங்களின் அங்கத்தவர்க்காக ஐந்து கரவன்கள் வரை நிறுத்தும் சிறு திடல்களுக்கு விலக்களித்தது. அத்தகைய இடங்களிற் சிலவற்றில் ஒரு தண்ணீர்க் குழாயன்றி வேறொன்றும் இராது. மலசலகூடம் உண்டா என முன்னரே கேட்டறிதல் நன்று. கேட்க நாணுவோர் பின்னர் வருந்துவர். எமக்கு உவப்பானவை இச்சிறு திடல்களே. பெருந்திடல்களிற் கூடாரத்துக்குரிய புல்தரை சுருங்கி, விலையுயர்ந்த மரக்குடில்கள் பெருகுவதைக் காண மனம் ஒப்பவில்லை.

இதை வெறும் இரசனை வேறுபாடு என்று ஒதுக்கிவிட இயலாது. ஸ்கொத்லாந்திற் போல விரும்பிய மலையிற் கூடாரம் அடிக்கும் உரிமை இங்கிலாந்தில் இல்லை. தெற்கே டாட்மூர் என்ற ஓரிடத்துக்கு மட்டும் அவ்வுரிமை உண்டென 2025இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. ஏனைய இடங்களில் நிலவுடையவரின் இசைவு வேண்டும். ஆகவே ஹோட்டலுக்குக் கொடுக்க வசதியற்ற குடும்பம் ஏரிக்கரையிற் சட்டப்படி இரவைக் கழிக்கவேண்டுமாயின் மலிவான ஒரு திடல் இருந்தாக வேண்டும்.

ஏரி யாருக்குரியது என்னும் வழக்கு அங்கே பழையது. 1844இல் விண்டர்மியருக்குப் புகையிரதப் பாதை இடும் திட்டம் எழுந்தபோது அதனை வன்மையாக எதிர்த்தவர் வேறெவருமல்லர், நம் பொன்மலர்க் கவிஞரே. பத்திரிகைக்குக் கடிதங்கள் எழுதினார், பாட்டும் பாடினார். ஆலைத் தொழிலாளர் கூட்டங்கூட்டமாக வந்திறங்குவதால் அவர்க்கும் பயனில்லை, இடத்துக்கும் கேடு என்பது அவர் வாதம். இயற்கையை நுகரும் உள்ளம் பழகிப் பண்பட்ட பின்னரே வாய்க்கும் என அவர் நம்பினார். ஏரி நாட்டுக்கு வழிகாட்டி நூல் எழுதி, கண்ணும் நெஞ்சும் உடைய அனைவர்க்கும் அதில் உரிமை உண்டு என்ற கருத்தை வெளியிட்டவரும் அவரே! பாதை 1847இல் திறக்கப்பட்டது. ஆலைத் தொழிலாளர் வந்தனர். 1951இல் அந்நிலம் தேசியப் பூங்காவாயிற்று. 2017இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. கூட்டத்தைப் பற்றிய கவிஞரின் அச்சம் முற்றும் பொய்த்ததென்று யாம் சொல்லோம். ஓகஸ்ற் மாதத்தில் விண்டர்மியர்த் தெருவிற் கார் வரிசையில் நின்றவர் எவரும் அப்படிச் சொல்லார். ஆயினும் நள்ளிரவு இரண்டு மணிக்கு எம் பேரனைத் தோளிற் சுமந்து சென்றவர், கவிஞர் வரவேண்டாம் என்றவர்களின் வழிவந்தவர்.

மறுநாட் காலையில் கூடாரத்தைப் பிடுங்கி, சரிவின் மேற்புறத்தில், கல்மதிலின் ஓரமாக அடித்தோம். அங்கிருந்து பார்த்தால் ஏரி தெரியவில்லை. பிள்ளைகள் இருவரும் தேநீர் குடித்த கையோடு அதைத் தேடிக் கீழே ஓடினார்கள்.