மைட்டாசிஸ் செல் பகுப்பும் முந்திரி ஒட்டுக்கன்றும்

ஒரு செல் பிரிந்து, தன்னிடம் உள்ள அதே மரபுப்பொருளைக் கொண்ட இரண்டு சேய் செல்களைத் தரும் முறை மைட்டாசிஸ் எனப்படும். தமிழில் இதை மறைமுகப் பகுப்பு என்றும் இழையுருப் பிரிவு என்றும் குறிப்பிடுவர். உடல் வளர்வதற்கும் காயம் ஆறுவதற்கும் இதுவே அடிப்படை. ஜெர்மானிய உயிரியலாளர் வால்தர் ஃபிளெமிங் 1882இல் வெளியிட்ட நூலில் இப்பகுப்பை விரிவாக விளக்கினார். நூலிழையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது.

பகுப்பின் நிலைகள்

பள்ளி ஆய்வகங்களில் வெங்காய வேர் நுனியைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் எல்லா நிலைகளையும் காணலாம். வெங்காயத்தின் உடல் செல்லில் 16 குரோமோசோம்கள் உள்ளன. பகுப்பு தொடங்கும் முன்பே, இடைநிலையில், டி.என்.ஏ. இரட்டிப்பாகிவிடும். ஆகவே ஒவ்வொரு குரோமோசோமிலும் ஒத்த இரண்டு குரோமாட்டிடுகள் இருக்கும்.

1. முதல்நிலை: குரோமோசோம்கள் சுருங்கித் தடித்துத் தெளிவாகத் தெரியும். உட்கரு உறை மறையத் தொடங்கும்.
2. நடுநிலை: கதிர்கோல் இழைகளுடன் இணைந்த குரோமோசோம்கள் செல்லின் நடுவே வரிசையாக நிற்கும்.
3. பிரிநிலை: குரோமாட்டிடுகள் பிரிந்து எதிரெதிர் முனைகளுக்கு இழுக்கப்படும்.
4. இறுதிநிலை: இரு முனைகளிலும் புதிய உட்கரு உறை தோன்றும்.

பிறகு தாவரச் செல்லின் நடுவில் செல் தட்டு உருவாகி, செல் இரண்டாகும். இரண்டிலும் 16 குரோமோசோம்களே இருக்கும்.

விருத்தாசலம் முந்திரி

கடலூர் மாவட்டம் விருத்தாசலத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் உள்ளது. வி.ஆர்.ஐ. 3 என்னும் முந்திரி ரகம் இங்கிருந்து வந்தது. இந்த ரகத்தின் கொட்டையை ஊன்றினால் அதே ரக மரம் கிடைக்குமா? கிடைக்கும் என்று சொல்ல முடியாது. மகரந்தமும் சூல்முட்டையும் உருவாகக் காரணம் குன்றல் பகுப்பு. அதில் மரபுப்பண்புகள் கலைந்து சேரும். முந்திரியில் அயல் மகரந்தச் சேர்க்கையும் மிகுதி. எனவே ஒவ்வொரு கொட்டையும் ஒரு புதிய கலவை. மரம் காய்க்கும் வரை, சில ஆண்டுகள், அதன் தரம் விவசாயிக்குத் தெரியாது.

ஒட்டுக்கன்று இந்த ஐயத்தை நீக்குகிறது. கொட்டையிலிருந்து முளைத்த இளஞ்செடியை வேர்ச்செடியாகக் கொண்டு, அதன் தண்டைப் பிளந்து, நல்ல தாய்மரத்தின் குச்சியை ஆப்பு வடிவில் சீவிச் செருகி, பாலித்தீன் நாடாவால் இறுகக் கட்டுவர். இரண்டின் கேம்பியம் அடுக்குகளும் தொட்டுக்கொள்ள வேண்டும். வெட்டுப்பட்ட இடத்தில் செல்கள் மைட்டாசிஸ் முறையில் பெருகி இடைவெளியை நிரப்பும். அவற்றிலிருந்து உருவாகும் புதிய குழாய்த் திசுக்கள் இருபுறத்தையும் இணைக்கும். அதன்பின் குச்சியிலிருந்து வளரும் கிளை, இலை, பூ யாவும் மைட்டாசிஸால் பெருகியவை. அரிதான திடீர்மாற்றம் தவிர, அவை தாய்மரத்தின் மரபுப்பொருளையே கொண்டிருக்கும்.

ஒட்டுப்போட்ட இடத்தில் இரு செடிகளின் திசுக்கள் இணைகின்றனவே தவிர, மரபுப்பொருள்கள் கலப்பதில்லை. ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பது வேர்ச்செடியின் கிளை. அதை அவ்வப்போது கிள்ளி எறியாவிட்டால், விலை கொடுத்து வாங்கிய ரகம் பின்தங்கி, ரகம் தெரியாத மரமே தோட்டத்தில் வளர்ந்து நிற்கும்.